செவிப்பறை: கிழிசலும் சீரமைப்பும்

புறச்செவித் துளையின் உள்முனையில், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில், சற்றே சாய்வாக அமைந்த மெல்லிய சவ்வு ஒன்று வெளிக்காதையும் நடுச்செவியையும் பிரித்து நிற்கிறது. பேச்சுவழக்கில் காது ஜவ்வு என்று சொல்லப்படும் இதற்குச் செவிப்பறை என்ற பெயர் வழங்குவது பொருத்தமே. தோற்கருவியின் தோலைப் போல இதுவும் ஒரு வளையத்தில் விறைப்பாகப் பொருந்தி, காற்றின் அதிர்வை வாங்கி உள்ளே கடத்துகிறது. ஆனால் தோற்கருவியின் தோல் கிழிந்தால் அதைக் கழற்றி வேறு தோல் போர்த்துவதைத் தவிர வழியில்லை. செவிப்பறையோ உயிருள்ள திசு என்பதால், அடிபட்டுக் கிழிந்த பின்னும் பெரும்பாலும் தானே கூடிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கிழிந்த செவிப்பறைக்கு முதல் சில வாரங்களில் மருத்துவர்கள் ஏன் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை என்பதும், அது தானாக மூடாதபோது செய்யப்படும் நுண்ணறுவை எதை நோக்கமாகக் கொண்டது என்பதும் விளங்கும்.

சவ்வின் அமைப்பும் பணியும்

செவிப்பறை ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் உயரமும் 8 முதல் 9 மில்லிமீட்டர் அகலமும் உடையது; அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லிய சவ்வுக்குள் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியடுக்கு காதுத் துளையின் தோலுடைய தொடர்ச்சி. உள்ளடுக்கு நடுச்செவியின் ஈரச்சவ்வின் தொடர்ச்சி. இரண்டுக்கும் நடுவில், சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒரு தொகுதியும் வளையங்களைப் போல மற்றொரு தொகுதியுமாக ஓடும் நார்களாலான அடுக்கு அமைந்து, சவ்வுக்கு விறைப்பையும் வலிமையையும் தருகிறது. சவ்வின் மேற்பகுதியில் மட்டும் இந்த நாரடுக்கு செறிவற்றுத் தளர்ந்திருக்கும்.

செவிப்பறையின் உட்புறத்தில் சுத்தியல் எலும்பின் பிடி ஒட்டியிருக்கிறது. சுத்தியல், பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளும் கோத்த சங்கிலியாக அமைந்து, செவிப்பறையின் அதிர்வை உட்செவியின் நீள்வட்டச் சாளரத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன. உட்செவி நீர்மம் நிறைந்த அறையாதலால், காற்றில் வரும் ஒலி நேரடியாக அதன்மேல் மோதினால் மிகப் பெரும்பகுதி திரும்பித் தெறித்துவிடும்; கிணற்றுக்குள் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் நிற்பவரின் பேச்சு கேட்காததற்குக் காரணமும் இதுவே. இந்தத் தடையைக் கடக்க, செவிப்பறையில் அதிரும் ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர் பரப்பின் மேல் விழும் விசை, அங்கவடியின் 3.2 சதுர மில்லிமீட்டர் அடித்தட்டில் குவிக்கப்படுவதால் அழுத்தம் சுமார் 17 மடங்காகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு இதை மேலும் 1.3 மடங்கு கூட்ட, மொத்தத்தில் ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தம் உட்செவியைச் சென்றடைகிறது. ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் இது சுமார் 27 டெசிபல் ஆதாயம்.

செவிப்பறையில் ஓட்டை விழும்போது அதிரும் பரப்பு குறைவதோடு, சவ்வின் இரு புறமும் காற்றழுத்தம் சமமாகிவிடுவதால் அது அசைவதற்கான விசையும் குறைகிறது. ஓட்டை பெரிதானால் இழப்பும் பெரிது. சிறு ஓட்டையில் கேள்வித்திறன் குறைந்ததே தெரியாமல் போகலாம். சவ்வின் பெரும்பகுதி போய்விட்டால் 40 டெசிபல் வரை குறையலாம். எவ்வளவு பெரிய ஓட்டையானாலும் அதனால் மட்டும் காது முற்றிலும் செவிடாகிவிடுவதில்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இரு செவிப்பறைகளும் பழுதான ஒருவர் உரையாடலைக் கேட்டுப் புரிந்துகொள்வதைக் கண்டு, நடுச்செவியின் காற்றோட்டம் அடைபட்டு மந்தமான காதுகளுக்குச் செவிப்பறையைத் தாமே துளைக்கும் சிகிச்சையை மேற்கொண்டு, அதற்காக 1801இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் பெற்றார். அவர் இட்ட துளைகள் பெரும்பாலும் விரைவில் தாமே மூடிக்கொண்டதால் அந்தச் சிகிச்சையின் பயன் நிலைக்கவில்லை. ஆனால் செவிப்பறையின் கூடும் ஆற்றலுக்கு அந்தத் தோல்வியே சான்றாயிற்று.

கிழியும் விதங்கள்

காயத்தால் செவிப்பறை கிழிவதற்கான காரணங்களை, அழுத்தம் தாக்குவதால் நேர்பவை, பொருள் குத்துவதால் நேர்பவை, வெப்பத்தால் நேர்பவை என மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகையில் மிகப் பரவலானது கன்னத்தோடு காதைச் சேர்த்து விழும் அறை. விரிந்த உள்ளங்கை காதுத் துளையை ஒரு கணம் முழுவதுமாக மூடும்போது, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி உந்துதண்டைப் போலச் சவ்வை உள்நோக்கித் தாக்குகிறது. எதிரே நின்று அறைபவர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்பதால், இவ்வகைக் காயங்கள் இடக் காதிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றன. பட்டாசு காதருகே வெடித்தல், கால்பந்து காதில் மோதுதல், கிணற்றிலோ குளத்திலோ குதிக்கும்போது உடல் சாய்ந்து காதுப்பக்கம் நீரில் அறைபடுதல், ஆழமாக மூழ்கும்போது நடுச்செவி அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமற்போதல் ஆகியனவும் இதே வகையைச் சேர்ந்தவை.

வெடிவிபத்துகளில் உடலின் மிக எளிதில் சேதமுறும் உறுப்புகளுள் செவிப்பறையும் ஒன்று. இயல்பான வளியழுத்தத்துக்கு மேல் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவு அழுத்தம் திடீரெனத் தாக்கினாலே அது கிழியத் தொடங்கும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்ததில் செவிப்பறை கிழிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், அக்கிழிசல்களில் பாதிக்கும் குறைவானவையே தாமாக மூடியதைக் கண்டனர். ஓர் அறையால் நேரும் கிழிசலைவிட வெடியால் நேரும் கிழிசல் பிடிவாதமானது என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் வகையில், காது குடையப் பயன்படுத்தும் பட்ஸ், தீக்குச்சி, கொண்டை ஊசி, சாவி முதலியவை அடங்கும். காது குடையும் வேளையில் வேறொருவர் முழங்கையில் இடிப்பதோ குழந்தை ஓடிவந்து மோதுவதோ போதும். பஞ்சு சுற்றிய குச்சியும் சவ்வைத் துளைத்துவிடும். செவிப்பறையின் பின்மேற்பகுதிக்குப் பின்னால்தான் பட்டடையும் அங்கவடியும் இணைவதால், அங்கே குத்தும் பொருள் ஓட்டையை மட்டுமின்றி எலும்புச் சங்கிலியின் மூட்டு விலகலையும், உட்செவி நீர்மக் கசிவையும் ஏற்படுத்தக்கூடும். மூன்றாம் வகை, வெல்டிங் பட்டறைகளில் தெறிக்கும் தீப்பொறி காதுக்குள் விழுவதால் நேர்வது. உருகிய உலோகத் துளி சவ்வைச் சுடுவதோடு ஓட்டையின் விளிம்பிலுள்ள நுண் இரத்தக் குழாய்களையும் கருக்கிவிடுவதால், இத்தகைய ஓட்டைகள் தானாக மூடும் வாய்ப்பு மிகவும் குறைவு.

அறிகுறிகளும் சோதனைகளும்

சவ்வு கிழியும் கணத்தில் சுருக்கென்ற வலி, சில துளி இரத்தம், காது அடைத்தது போன்ற மந்தம், இரைச்சல் ஆகியவை தோன்றும். வலி பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். மூக்கைச் சிந்தும்போது காது வழியே காற்று சீறுவது கிழிசலின் தனி அடையாளம். நடுச்செவி, ஊஸ்டேஷியன் குழல் என்னும் நுண்குழலால் மூக்கின் பின்புறத்தோடு இணைந்திருப்பதால், மூக்கில் எழும் அழுத்தம் அவ்வழியே காதுக்குள் நுழைந்து ஓட்டையின் வழியாக வெளியேறுகிறது.

இவற்றோடு வேறு சில அறிகுறிகளும் சேர்ந்தால் அது சவ்வின் கிழிசல் மட்டுமன்று என்று கொள்ள வேண்டும். நிற்க முடியாத தலைச்சுற்றலும் வாந்தியும் உட்செவி பாதிக்கப்பட்டதற்கும், முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது நடுச்செவியை ஒட்டிச் செல்லும் முகநரம்பு அடிபட்டதற்கும், தலைக்காயத்துக்குப் பின் காதிலிருந்து தெளிந்த நீர் வடிவது மண்டையோட்டு எலும்பு முறிந்து மூளைத் தண்டுவட நீர் கசிவதற்கும் அறிகுறிகளாகலாம். இவை தென்பட்டால் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மருத்துவர் முதலில் ஓட்டோஸ்கோப் என்னும் விளக்குக் கருவியாலோ நுண்ணோக்கியாலோ ஓட்டையின் இடத்தையும் அளவையும் பார்க்கிறார். புதிய கிழிசலின் விளிம்பு ஒழுங்கற்றும் இரத்தம் தோய்ந்தும் காணப்படும்; சீழ் வடிந்து வடிந்து நாட்பட்ட ஓட்டையின் விளிம்போ மழமழப்பாக வட்டமாக இருக்கும். அடுத்து, அதிரும் இசைக்கவையைக் காதருகேயும் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேலும் மாறிமாறி வைத்துப் பார்க்கும் எளிய சோதனை நடைபெறுகிறது. நலமான காதுக்குக் காற்று வழியாக வரும் ஒலியே எலும்பு வழியாக வருவதைவிட நன்கு கேட்கும். செவிப்பறையில் பெரிய கிழிசல் உள்ள காதில் இது தலைகீழாகிவிடும். இசைக்கவையை நெற்றியின் நடுவில் வைத்தால், எதிர்பார்ப்புக்கு மாறாக, கிழிந்த காதின் பக்கமே ஒலி கூடுதலாகக் கேட்கும். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பார்ப்பவர் எவரும் இதே விளைவை உணரலாம். ஒலி நலமான காதின் பக்கம் சாய்ந்தால், அடிபட்ட காதின் நரம்பு வழியும் பழுதாகியிருக்கக்கூடும்.

இதன் பின்னர் ஆடியோகிராம் என்னும் கேள்வித்திறன் பதிவு எடுக்கப்படுகிறது. இழப்பு 40 டெசிபலைத் தாண்டினால், எலும்புச் சங்கிலியும் அறுந்திருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. இப்பதிவுக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. இந்தியாவில் ஒரு காதின் கேள்வித்திறனை நிரந்தரமாகப் போக்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயமாகும். பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும் அவ்வாறே வகுத்திருந்தது. அறை வாங்கிய காதில் அன்று காணும் கிழிசல் மூன்று மாதத்தில் சுவடின்றி மறையக்கூடும் என்பதால், காயத்தை உடனே பதிவுசெய்வதும், இழப்பு நிரந்தரமானதா என்பதைக் காலம் கடந்த பின் மீண்டும் சோதித்துச் சொல்வதும் ஆகிய இரண்டும் தேவைப்படுகின்றன.

தானே கூடும் முறை

காயத்தால் நேர்ந்த கிழிசல்களில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது, சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தாமாக மூடிவிடுகின்றன. அவை மூடும் முறை உடலின் ஏனைய காயங்கள் ஆறும் முறையிலிருந்து வேறுபட்டது. முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால், அடியில் புதுச்சதை வளர்ந்து பள்ளத்தை நிரப்ப, அதன்மேல் தோல் படர்கிறது. செவிப்பறையின் ஓட்டைக்கோ அடித்தளமே கிடையாது, இருபுறமும் வெறுங்காற்று. ஆகவே இங்கே வெளித்தோலின் உயிரணுக்கள் முந்திக்கொண்டு பெருகி, வெற்றிடத்தின் குறுக்கே நீண்டு ஒன்றையொன்று எட்டுகின்றன. நாரடுக்கு அதன் பின்னரே, முடிந்த அளவுக்கு, வந்து சேர்கிறது.

இப்படி நீளும் ஆற்றல் அத்தோலுக்கு இயல்பாகவே உண்டு. செவிப்பறையின் மேற்தோல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கியும், அங்கிருந்து காதுத் துளையின் வாயை நோக்கியும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான வேகத்தில் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உதிரும் தோலும் குறும்பியும் தாமாக வெளியே வந்து விழுவது இந்த நகர்வினால்தான். இதனால்தான் காதைக் குடைந்து சுத்தம் செய்யத் தேவையில்லை என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். கூடிய இடத்தில் சில வேளைகளில் நடுவிலுள்ள நாரடுக்கு முழுமையாக உருவாகாமல், இரண்டடுக்கு மட்டுமுள்ள மெல்லிய திட்டு எஞ்சுவதுண்டு. அது ஒலியைக் கடத்தப் போதுமானதாயினும், அடுத்த அடியில் எளிதில் கிழியக்கூடியது.

மூன்று மாதம் கடந்தும் மூடாத ஓட்டையில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. வெளித்தோல் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மடிந்து உள்ளடுக்கைச் சந்திக்க, இரண்டும் ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரத்தை மடித்து ஓரம் அடித்ததைப் போல விளிம்பு முற்றுப்பெற்றுவிடுகிறது. மூட வேண்டிய காயம் ஒன்று இருப்பதையே உடல் மறந்துபோகும் நிலை இது. வெளித்தோல் ஓட்டையின் வழியே நடுச்செவிக்குள் புகுந்து வளரத் தொடங்கினால், கொலஸ்டியடோமா எனப்படும் தோற்கட்டி உருவாகி, சுற்றியுள்ள எலும்பையே அரிக்கும் ஆபத்தும் உண்டு.

காத்திருக்கும் காலத்தில்

ஓட்டை தானே மூடுவதைத் தடுக்கும் முதல் எதிரி நீர். இரண்டாவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் வீட்டு வைத்தியம். காது வலி என்றதும் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விடுவது பல வீடுகளில் இன்றும் வழக்கம். செவிப்பறை முழுதாக இருக்கும்வரை எண்ணெய் வெளிக்காதோடு நின்றுவிடும்; கிழிந்திருந்தாலோ எண்ணெயும், அதில் மிதக்கும் துணுக்குகளும், கிருமிகளும் நேரே நடுச்செவிக்குள் இறங்கி, வறண்டிருந்த காயத்தைச் சீழ் வடியும் காதாக மாற்றிவிடுகின்றன. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்தற்றதன்று. ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டையின் வழியாக உட்செவியை எட்டினால் ஒலியை உணரும் உயிரணுக்களுக்கே கேடு விளைவிக்கக்கூடும். சீழோ அழுக்கு நீரோ சேராத காதுக்குப் பெரும்பாலும் எந்தச் சொட்டு மருந்தும் தேவையில்லை.

குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சுருண்டையைக் காதின் வாயில் மட்டும் வைத்து நீர் புகாமல் தடுப்பதும், தலைக்கு ஊற்றுவதை இயன்றவரை தள்ளிப்போடுவதும், நீச்சலைத் தவிர்ப்பதும், மூக்கை வேகமாகச் சிந்தாதிருப்பதும், தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து விடுவதும், காதுக்குள் விரலோ குச்சியோ நுழைக்காதிருப்பதும் இக்காலத்தில் நோயாளி செய்ய வேண்டியவை. மருத்துவர் செய்வது இன்னும் குறைவு. கிழிந்த மடிப்பு உட்புறம் சுருண்டிருந்தால் அதை நுண்ணோக்கியின் துணையோடு விரித்துவைக்கலாம். சிலர் ஓட்டையின் மேல் மெல்லிய காகிதத் துண்டையோ உடலில் கரையும் ஜெலட்டின் பஞ்சையோ ஒட்டி, தோலணுக்கள் படர்வதற்கு ஒரு பாதை அமைத்துக் கொடுப்பதுண்டு.

அடைக்கும் முயற்சிகளின் வரலாறு

இந்தப் பாதை என்ற கருத்தை எட்டுவதற்கு மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. தொடக்க கால முயற்சிகள் யாவும் ஓட்டையை அடைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. 1640இல் ஜெர்மானியரான மார்க்குஸ் பான்சர், குழல் ஒன்றின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வைக் கட்டிக் காதுக்குள் செருகும் முறையை விவரித்தார். 1841இல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் இயர்ஸ்லி பஞ்சுருண்டையாலும், 1853இல் ஜோசப் டாய்ன்பீ வெள்ளிக் கம்பியில் கோத்த ரப்பர் வட்டத்தாலும் ஓட்டையை மூடிக் கேள்வித்திறனைக் கூட்டினர். இவை யாவும் செயற்கைப் பல்லைப் போலப் போட்டு எடுக்கும் சாதனங்கள்; அவை இருக்கும்வரை கேட்கும், எடுத்தால் கேட்காது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு வேறு சிந்தனைகள் தோன்றின. ஓட்டையின் முற்றிய விளிம்பை வெள்ளி நைட்ரேட் போன்ற அரிக்கும் பொருளால் சுட்டு மீண்டும் புதுக் காயமாக்கினால் அது வளரத் தொடங்கும் என்பது ஒன்று. பாஸ்டனைச் சேர்ந்த கிளாரன்ஸ் பிளேக் கையாண்ட காகித ஒட்டு மற்றொன்று. காகிதம் மூடியாக மட்டும் நில்லாமல், அதன் அடியில் சவ்வு வளர்ந்து ஓட்டை மூடுவதற்கும் உதவியது. 1874இல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒலியின் அதிர்வை வரைந்து காட்டும் கருவி ஒன்றை உருவாக்கியபோது, அதில் பொருத்த இறந்தவரின் காதைப் பெற்றுத் தந்தவரும் இதே பிளேக்தான். மெல்லிய செவிப்பறை கனத்த எலும்புகளை அசைப்பதைக் கண்டதே பெல்லைத் தொலைபேசியின் தகட்டை நோக்கி இட்டுச்சென்றது. 1878இல் எமில் பெர்டோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், நோயாளியின் தோலையே எடுத்துச் செவிப்பறையில் ஒட்டி, அச்சிகிச்சைக்கு மிரிங்கோபிளாஸ்டி என்று பெயரிட்டார். எனினும், கிருமிகளைக் கொல்லும் மருந்தும் சவ்வைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியும் இல்லாத அந்தக் காலத்தில் அம்முறை வேரூன்றவில்லை.

பெனிசிலினும், ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கியும் நிலைமையை மாற்றின. 1950களின் தொடக்கத்தில் ஹோர்ஸ்ட் வுல்ஸ்டைன், ஃபிரிட்ஸ் சோல்னர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள், செவிப்பறையை மட்டுமின்றி ஒலியைக் கடத்தும் நடுச்செவி அமைப்பு முழுவதையும் சீரமைக்கும் டிம்பனோபிளாஸ்டி என்னும் அறுவை முறையை வகுத்தனர். அவர்களும் தொடக்கத்தில் தோலையே ஒட்டாகப் பயன்படுத்தினர். ஆனால் தோல் எங்கே ஒட்டினாலும் உதிர்வதும் வியர்ப்பதும் புண்படுவதுமான தன் இயல்பைக் கைவிடுவதில்லை. இரத்த நாளச் சுவர், குருத்தெலும்பின் மேலுறை எனப் பலவும் சோதிக்கப்பட்டாலும், 1950களின் இறுதியில் கையாளத் தொடங்கிய, காதுக்கு மேலுள்ள பொட்டுத்தசையின் மேலுறையே பரவலாக ஏற்கப்பட்டது. மெல்லிய வெண்ணிறத் தாளைப் போன்ற இவ்வுறை செவிப்பறையின் தடிமனை ஒத்தது; மிகக் குறைந்த ஊட்டத்திலும் அழியாமல் நிற்கக்கூடியது; அறுவை நடக்கும் அதே வெட்டின் வழியாக எடுக்கத்தக்கது; எடுத்த இடத்தில் குறையேதும் தெரியாதது.

இன்றைய அறுவை

மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை காத்திருந்தும் ஓட்டை மூடாதபோதே அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. ஓட்டை மட்டும் இருந்து எலும்புச் சங்கிலி நலமாக இருந்தால் மிரிங்கோபிளாஸ்டி போதும். எலும்புகளும் விலகியோ முறிந்தோ இருந்தால் அவற்றையும் சீரமைக்கும் டிம்பனோபிளாஸ்டி வேண்டும். அறுவை ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நடைபெறும். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தரப்படும். பெரியவர்களில் பலருக்குக் காதைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம்.

காதுக்குப் பின்புறம் மடிப்பை ஒட்டியோ, காதுத் துளையின் வழியாகவோ மருத்துவர் செவிப்பறையை அணுகுகிறார். முதலில் தசையுறையில் ஒரு துண்டு எடுத்து உலரவைக்கப்படுகிறது. அடுத்து, ஓரம் அடித்ததைப் போல முற்றியிருக்கும் ஓட்டையின் விளிம்பு மெல்லிய ஊசியால் வட்டமாகச் சுரண்டி நீக்கப்படுகிறது. உடல் மறந்துபோன காயத்தை அதற்கு நினைவூட்டும் செயல் இது. பிறகு காதுத் துளையின் தோல், செவிப்பறையின் பின்பாதியோடு சேர்த்துப் புத்தகத்தின் பக்கத்தைப் போல முன்புறம் புரட்டப்பட, நடுச்செவி திறந்து எலும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. அங்கவடி அசைகிறதா என்று தொட்டுச் சோதித்த பின், நடுச்செவிக்குள் கரையும் ஜெலட்டின் பஞ்சு பரப்பி, அதன்மேல் தசையுறைத் துண்டை எஞ்சிய செவிப்பறையின் அடிப்புறம் பொருந்துமாறு விரித்து, புரட்டிய தோலை மீண்டும் மேலே படியவைத்து, வெளிப்புறமும் பஞ்சு வைத்து மூடுகின்றனர்.

ஒட்டாக வைத்த தசையுறை அப்படியே புதிய செவிப்பறையாகிவிடுவதில்லை. பந்தலில் படரவேண்டிய அவரைக்கொடிக்குக் கொழுகொம்பு நடுவதைப் போல, வெற்றிடத்தின் குறுக்கே அது ஒரு பிடிமானமாக நிற்க, வெளித்தோல் அதன் மேற்புறமும் ஈரச்சவ்வு அதன் உட்புறமும் படர்ந்து, இரத்தக் குழாய்கள் அதனுள் நுழைந்து, அதையே நடுவடுக்காக மாற்றிக்கொள்கின்றன. பன்றிச் சவ்வு முதல் ரப்பர் வட்டம் வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தொடர்ந்த முயற்சிகளுக்கும் இன்றைய அறுவைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில்தான் அடங்கியிருக்கிறது. வறண்ட காதில், பழகிய கைகளால் செய்யப்படும் இத்தகைய அறுவைகளில் பத்தில் ஒன்பதளவுக்கு ஓட்டை மூடிவிடுகிறது.

பெரிய ஓட்டைகளுக்கும், ஒருமுறை செய்து தோற்ற காதுகளுக்கும், காதின் முன்மடலிலிருந்து எடுத்து மெல்லியதாகச் சீவிய குருத்தெலும்பு ஒட்டாகப் பயன்படுகிறது. இது தசையுறையைவிட விறைப்பானது, உட்குழியாமல் நிற்பது. மிகச் சிறிய ஓட்டைகளுக்குக் காதுமடலின் அடிச்சதையிலிருந்து எடுத்த கொழுப்புத் துணுக்கைச் செருகினாலே போதும். கடந்த சில பத்தாண்டுகளில் நுண்ணோக்கிக்கு மாற்றாக என்டோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்கிக் குழலும் வந்திருக்கிறது. காதுக்குப் பின் வெட்டாமல் துளையின் வழியாகவே மூலைமுடுக்கையும் அகலமாகக் காட்டுவது அதன் சிறப்பு. ஒரு கை குழலைப் பிடித்திருக்க, மறுகையால் மட்டுமே வேலை செய்ய வேண்டியிருப்பது அதன் குறை.

ஒட்டுத்திசுவே இல்லாமல் ஓட்டையை வளர்த்து மூடும் முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தில் தோய்த்த ஜெலட்டின் பஞ்சை, விளிம்பு சுரண்டிய ஓட்டையில் வைத்து, மேலே உடலுக்கு ஒவ்வும் பசையால் மூடிவிடும் இச்சிகிச்சையை ஜப்பானிய மருத்துவர்கள் உருவாக்கினர். அதற்கான மருந்துக்கு அந்நாட்டு அரசு 2019இல் ஒப்புதல் அளித்தது. விளிம்பைப் புதுக் காயமாக்குவதும் படர்வதற்குப் பிடிமானம் தருவதுமாகிய பழைய இரு கொள்கைகளோடு, வளர்வதற்கான தூண்டலையும் மருந்தாகச் சேர்த்ததே இங்குள்ள புதுமை.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்த சில வாரங்களுக்குக் காது அடைத்தாற்போலவே இருக்கும். உள்ளே பஞ்சு நிறைந்திருப்பதால், கேள்வித்திறன் முன்னைவிடக் குறைந்துவிட்டதோ என்று நோயாளி அஞ்சுவதும் உண்டு. பஞ்சு கரைந்து காற்று நிரம்பச் சில வாரங்கள் ஆகும். ஒட்டு பிடிக்கும்வரை மூக்கைச் சிந்துதல், கனமான பொருளைத் தூக்குதல், விமானப் பயணம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காதில் நீர் படாமல் காப்பது முன்பு போலவே தொடர வேண்டும். சுவையுணர்வைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பு ஒன்று செவிப்பறையின் பின்புறமாகவே குறுக்கே ஓடுவதால், நாக்கின் ஒரு பக்கத்தில் சில மாதங்கள் உலோகச் சுவை தோன்றலாம். இது பெரும்பாலும் தானே சரியாகும். ஒட்டு பிடிக்காமற்போவதும், அரிதாக உட்செவி பாதிக்கப்பட்டுக் கேள்வித்திறன் குறைவதும், அறுவைக்கு முன்பே நோயாளியிடம் எடுத்துச் சொல்லப்பட வேண்டிய அபாயங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஆடியோகிராமே பலனைச் சரியாகக் காட்டும்.

ஓட்டை மூடுவதும் நன்றாகக் கேட்பதும் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்ந்தாலும், அவை ஒன்றல்ல. அடிபட்டபோதே உட்செவியின் ஒலியுணரும் உயிரணுக்கள் அழிந்திருந்தால், சவ்வு எவ்வளவு நேர்த்தியாகக் கூடினாலும் அந்தப் பகுதி இழப்பு மீளாது. மனிதனின் உட்செவியிலுள்ள அந்த உயிரணுக்களுக்குச் செவிப்பறையின் தோலுக்கு இருப்பதுபோல மீண்டும் வளரும் ஆற்றல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் மாணவரை அடிப்பதைத் தடைசெய்திருந்தாலும், கன்னத்தில் அறைவது வீட்டிலும் வகுப்பறையிலும் சிறு தண்டனையாகவே இன்றும் எண்ணப்படுகிறது. அந்த அறையில் கிழியும் சவ்வு பெரும்பாலும் கூடிவிடும் என்பது உண்மையே. ஆனால் சவ்வுக்கு அப்பால் சேதம் எவ்வளவு தூரம் சென்றது என்பதை அறைந்த கை அறிவதில்லை, சில மாதங்களுக்குப் பின் எடுக்கும் சோதனையே அதைச் சொல்லும்.